காரவள்ளி ஏற்றமும் பெட்ரோல் குட்டி யானையும்

"எந்தப் பெட்ரோல் போடறதுங்ணா?" என்று கேட்டு எங்கள் பட்டறைக்கு ஆள் வர ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. பேளுக்குறிச்சியில் சரக்கு வண்டி என்றாலே டீசல் என்றுதான் இருந்தது. 2005ல் டாடா ஏஸ் வந்து குட்டி யானை என்று பேர் வாங்கியதே, அதுவும் டீசல்தான்: 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். பொலேரோ பிக்கப், தோஸ்த் எல்லாமே டீசல். பங்கில் வண்டியை நிறுத்தி, இத்தனை ரூபாய்க்கு என்று சொன்னால் முடிந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி நாடு முழுக்க அமலுக்கு வந்தது. சின்ன டீசல் இன்ஜினின் புகையை அந்த விதிக்குள் அடக்குவதற்கு வைக்க வேண்டிய சாமான்கள் வண்டியின் விலையையே தூக்கிவிடும். அதனால் ஏஸில் 694 சிசி பெட்ரோல் இன்ஜின் வந்தது. 30 குதிரைத்திறன், 55 நியூட்டன் மீட்டர் டார்க். மாருதி சூப்பர் கேரி டீசலை அடியோடு விட்டுவிட்டு 1.2 லிட்டர் பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் போய்விட்டது. வாங்கும் விலை குறைவு, சத்தம் குறைவு, அதிர்வு குறைவு என்று பார்த்து எங்கள் பக்கத்து ஆட்களும் வாங்கினார்கள். வாங்கி, லோடு ஏற்றி, நேராகக் காரவள்ளிக்கு விட்டார்கள்.

பேளுக்குறிச்சி கொல்லிமலை அடிவாரத்து ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எங்களைத் தெரிந்திருப்பது சந்தையால். மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி என்று வருஷத்து மளிகையை ஒரே நடையில் வாங்கிப் போக எங்கெங்கிருந்தோ வருவார்கள். வாடகை வண்டிக்காரர்களுக்கு அதுதான் பருவம். மலைக்குப் போகிற வண்டி காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி சேர்ந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மேலே போவது சிமெண்ட், உரம், அரிசி மூட்டை, சந்தைச் சாமான். கீழே வருவது மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழைத்தார். இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை, ஏறும்போது இன்ஜினுக்கு. எந்தப் பெட்ரோல் என்ற கேள்வி ஏறும்போதுதான் பிறக்கிறது.

முதலில் கேட்டு வந்தது ஒரு இளவட்டம். வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பெட்ரோல் ஏஸ்.

"ணா, லோடோட ஏறுனா தகர டப்பாவுல கோலிக்குண்டப் போட்டு ஆட்டுனாப்புல சத்தம் வருதுங்ணா. பெட்ரோல் சரியில்லீங்களா? பவர் பெட்ரோல் போட்டுப் பாக்கட்டுங்களா?"

பட்டறையில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமே இல்லை. நாக்கிங் என்கிற இந்தத் தட்டல் அப்படித்தான், லோடு இல்லாமல் தலை காட்டாது. ஏற்றியிருந்த சிமெண்ட் மூட்டைகளோடு அப்படியே காரவள்ளிக்கு விடச் சொல்லிப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். சித்திரை வெயில். முதல் சில வளைவுகளுக்குள்ளேயே விஷயம் தெரிந்துவிட்டது. பையன் வளைவைத் தாண்டியதும் மூணாவது கியர் போட்டுவிடுகிறான். போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்துகிறான். வேகம் கூடவில்லை. குட்டி யானையின் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, தொடைக்குக் கீழேயிருந்து கிணுகிணுவென்று அந்தச் சத்தம்.

"ரெண்டாவது போடு தம்பி" என்றேன்.

போட்டான். இன்ஜின் சுற்று ஏறியது, சத்தம் அந்த நொடியே நின்றது. வண்டியும் முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஏறியது. "மறுபடி மூணு போடு" என்றேன். மறுபடி கிணுகிணு. மேலும் இரண்டு வளைவுக்கு அப்படியே மாற்றி மாற்றிப் போடச் சொல்லி அவன் காதுக்கே பழக்கிவிட்டேன். அதற்கு முன் அவன் பல வருஷம் ஓட்டியது டீசல் பிக்கப். டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், மேல் கியரில் முக்கிக்கொண்டே ஏறினாலும் ஏறிவிடும். அந்தப் பழக்கத்தைப் பெட்ரோல் இன்ஜின் தாங்காது. அதற்குச் சுற்று வேண்டும். எங்கள் பக்கத்தில் "பெட்ரோல் ஒத்துக்கல" என்று வருகிற மலை வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். டீசல் கால் பெட்ரோல் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஏன் கியரை இறக்கினால் சத்தம் நிற்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் பொறுமையாகச் சொல்வேன். இதைப் புரிந்துகொண்டவர் பங்கில் ஏமாற மாட்டார். பிளக் பொறி விட்டதும் சிலிண்டருக்குள் இருக்கிற மொத்தக் கலவையும் ஒரே நேரத்தில் பற்றுவதில்லை. பிளக்கின் ஓரத்தில் தீ பிடித்து, அங்கிருந்து சுவர் வரைக்கும் பரவிப் போகிறது. அது பரவிக்கொண்டிருக்கும்போதே, கடைசி மூலையில் இன்னும் எரியாமல் இருக்கிற கலவை நசுங்கிச் சூடேறிக்கொண்டிருக்கும். தீ வந்து சேரும் வரைக்கும் அது பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் தானாகவே பற்றிக்கொண்டால், அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் தலையையும் அறைகிறது. நாம் கேட்பது அந்த அறைதான். எப்போதோ ஒருமுறை லேசாகக் கேட்டால் ஆபத்தில்லை. லோடோடு நெடுநேரம் கேட்டுக்கொண்டே ஓட்டினால் பிஸ்டன் விளிம்பு அரித்துப்போகும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

கடைசி மூலைக் கலவை எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதுதான் ஆக்டேன். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தக் கலவை சூட்டில் வேகும் நேரம் கூடுகிறது. வேகமாகச் சுற்றினால் அது பற்றுவதற்குள் தீயே வந்து சேர்ந்துவிடுகிறது. கியரை இறக்கினால் சுற்று கூடுகிறது, ஒவ்வொரு அடிக்கும் இன்ஜின் சுமக்க வேண்டிய பாரமும் குறைகிறது. பங்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்க நினைத்தது கியர் கம்பியிலேயே கிடைத்துவிடுகிறது.

டீசலில் எல்லாம் தலைகீழ். அங்கே பிளக்கே கிடையாது. அழுத்திச் சூடான காற்றுக்குள் பீய்ச்சியதும் எண்ணெய் தானாகப் பற்ற வேண்டும், அதுவும் உடனே பற்ற வேண்டும். அதற்கான அளவு சீட்டேன். பெட்ரோல் பற்றாமல் பொறுத்திருந்தால் நல்லது, டீசல் பொறுக்காமல் பற்றினால் நல்லது. ஏஸ் மாதிரி ஒரே முகத்தில் பெட்ரோலும் டீசலும் வருகிற வண்டியில் பங்குப் பையன் மாற்றிப் போட்டுவிடுவதும் நடக்கிறது. மூடியைத் திறக்கும்போதே வாயால் ஒருதரம் சொல்லிவிடுவது நல்லது. டீசல் வண்டியில் பெட்ரோல் விழுந்துவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. டீசலின் வழவழப்பில்தான் அந்தப் பம்பு ஓடுகிறது. பெட்ரோல் உள்ளே போனால் பம்பு உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, டேங்கை இறக்கிக் காலி செய்ய வேண்டும். ஸ்டார்ட் பண்ணாமல் வந்தால் செலவு ஒரு டேங்க் எண்ணெயோடு போகும்.

எண்ணுக்கு வருகிறேன். 91, 95, 100 என்ற எண்களைப் பார்த்தவுடன் அதிக எண் அதிக சக்தி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1926ல் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இந்த அளவை ஏற்படுத்தினார். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் நன்றாகப் பொறுக்கும், அதற்கு 100. ஹெப்டேன் என்ற திரவம் கொஞ்சமும் பொறுக்காது, அதற்கு 0. இரண்டையும் கலந்து வைத்து, நம் பெட்ரோல் எந்தக் கலவையைப் போல் நடந்துகொள்கிறது என்று சோதனை இன்ஜினில் போட்டுப் பார்ப்பது. 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல் நடந்தால் அது 91 ஆக்டேன் பெட்ரோல். எவ்வளவு பொறுக்கும் என்பதற்கு மட்டுமே அந்த எண். ஒரு லிட்டரில் எவ்வளவு சூடு இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பையன் வேறொன்றும் கேட்டான். செல்போனில் அமெரிக்க பிக்கப் வீடியோ பார்த்திருக்கிறான். "அங்க 87 சாதா, லோடு இழுக்க 91 போடுங்கறான். நம்மூர்ல சாதாவே 91ங்கறாங்க, அப்ப நம்முளுது அவனுதவிட ஒசத்திங்களா?" நல்ல கேள்வி. ஆக்டேன் அளக்க இரண்டு முறை இருக்கிறது. ஒன்று இன்ஜினை நிமிஷத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளப்பது, மற்றது 900 சுற்றில், கலவையை நன்றாகச் சூடாக்கிக் கடுமையாகச் சோதிப்பது. இரண்டாவதில் எண் குறைவாக வரும். இந்தியாவில் முதல் முறையின் எண்ணைச் சொல்கிறோம். அமெரிக்க பம்பில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அங்கத்திய 87ம் இங்கத்திய 91ம் ஏறக்குறைய ஒரே சரக்கு. அவர்களுடைய 91 நம் கணக்கில் 95, 96 வாக்கில் வரும். ஃபோர்டு எஃப்-150 மாதிரி டர்போ வைத்த பெரிய பிக்கப்பில் கனமான டிரெய்லரை இழுக்கும்போது உயர்தரம் போடச் சொல்வதில் நியாயம் உண்டு. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது, கடைசி மூலையில் சூடு ஏறுகிறது. நம் குட்டி யானையில் டர்போ இல்லை.

இந்தத் தொழிலில் நான் கண் திறந்த காலத்தில் இந்தப் பேச்செல்லாம் கிடையாது. இருந்ததோ ஒரே பெட்ரோல். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கை பழகிய ஒரு மேஸ்திரியிடம்தான் நான் தொழில் கற்றேன். அவர் ஆக்டேன் என்ற சொல்லையே உச்சரித்துக் கேட்டதில்லை. ஆனால் கையில் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ப இன்ஜினை வைப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. மாருதி ஆம்னி, பழைய பெட்ரோல் ஜீப் எதுவானாலும் டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை லேசாகத் தளர்த்தி வைத்துக்கொண்டு ரோட்டுக்கு எடுத்துப் போவார். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென ஆக்சிலேட்டரை மிதிப்பார். ஒரு நொடி லேசாகத் தட்டி உடனே அடங்க வேண்டும், அது சரியான டைமிங். தட்டவே இல்லை என்றால் டைமிங் பின்தங்கி இருக்கிறது, இழுவை போகும், பெட்ரோல் தின்னும். தட்டிக்கொண்டே வந்தால் முன்னால் போய்விட்டது. இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்துக் கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்புவார். ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்த்தால் புத்தகத்தில் போட்ட அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பிஎஸ்2 காலத்தில் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 88. அதற்கும் முன்னால், நாக்கிங்கை அடக்குவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921ல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் அமெரிக்காவில் கண்டுபிடித்த வழி அது. மலிவான வழி, ஆனால் உலகம் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது. இந்தியா 2000 பிப்ரவரி 1 முதல் ஈயப் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்தியது. பட்டறையில் பெட்ரோலில் கை கழுவி, பெட்ரோலில் சாமான் கழுவி வாழ்ந்த தலைமுறைக்கு அந்தத் தேதி எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளும்போது அந்த மேஸ்திரியின் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்நாளில் நாக்கிங்குக்குப் பெரிய காரணம் கலப்படம். ரேஷன் மண்ணெண்ணெய் மலிவு, பெட்ரோல் விலை அதிகம். கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று ஓட்டுகிறவர்களே ஊற்றிய காலம் உண்டு. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அதலபாதாளத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் கதறும். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும், மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைக்கும் ஒரே வண்டி ஒரு பங்கில் போட்டால் தட்டுகிறது, இன்னொன்றில் போட்டால் தட்டவில்லை என்றால் நான் ஃபில்டர் பேப்பர் கேட்கச் சொல்வேன். பங்கில் அது இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்க வேண்டும். குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் ஆவியாகிவிட வேண்டும். அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். 15 டிகிரிக்குத் திருத்திய கணக்கில் பெட்ரோல் 720லிருந்து 775க்குள் நிற்கும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மலை மேல் கடையில் பாட்டிலில் வாங்கிய பெட்ரோலுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது என்பதால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்போதைய இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. டைமிங்கைக் கணினிதான் வைக்கிறது. நாக் சென்சார் வைத்த இன்ஜினில், பிளாக்கில் முடுக்கியிருக்கிற அந்தச் சின்ன வில்லை தட்டலை நம் காதுக்கு முன்னால் கேட்டு, கணினி பொறியைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளிவிடும். மேஸ்திரி ரோட்டில் செய்ததை அது நொடிக்கு நொடி செய்கிறது. அதனால் குறைந்த ஆக்டேன் போட்டால் சத்தம் வருவதற்குப் பதிலாக இழுவை குறையும். அப்படிப்பட்ட வண்டியில் கடும் வெயிலில், முழு லோடில், கூடுதல் ஆக்டேன் போட்டால் கொஞ்சம் பலன் தெரியலாம். மட்ட ரோட்டில் காலி வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பவர் பெட்ரோலைப் பற்றி என் முடிவு இது. எக்ஸ்பி95, பவர்95, ஸ்பீடு 97 என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒன்று வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேனை அறிமுகம் செய்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய், அன்றைக்குச் சாதா பெட்ரோல் 82 ரூபாய் வாக்கில் இருந்தது. அழுத்தம் அதிகமுள்ள விலை உயர்ந்த கார்களுக்கும் பந்தய பைக்குகளுக்கும் அது தேவை. கையேட்டில் 91 என்று போட்ட லோடு வண்டிக்கு ஊற்றினால் வாடகைக் காசு டேங்குக்குள் போகிறது, வேறொன்றும் நடக்காது. உயர்தரத்தில் சேர்க்கிற அழுக்கு நீக்கி இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்க உதவும், அது உண்மை. அதற்காக எப்போதாவது ஒரு டேங்க் போடுகிறேன் என்றால் தடுக்க மாட்டேன்.

இன்னொரு வண்டியைச் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைக்குத் தீவனமும் கோழியும் ஏற்றுகிற பெட்ரோல் மினி லாரி. பண்ணைக்காரர் எனக்கு மூத்தவர், நல்ல நிதானி. மாதக்கணக்காக உயர்தரப் பெட்ரோலே போட்டு வந்திருக்கிறார். "சாதா போட்டாத் தட்டுது தம்பி, இதப் போட்டா கொஞ்சம் பரவால்ல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கியரும் சரியாகத்தான் போடுகிறார். "ஐயா, வண்டிய ஒரு நாள் விட்டுட்டுப் போங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஸ்கேனரில் இன்ஜின் சூடு இருக்க வேண்டியதற்கு மேலே காட்டியது. ரேடியேட்டரின் முன்பக்கம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. கழற்றி இறக்கிப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தபோதுதான் வந்தது: தீவனத் தூசி, அதோடு பிசைந்து ஒட்டிய கோழி இறகு, கட்டி கட்டியாக. இலை இலையாக இருக்கிற அலுமினியத் தகட்டுக்குள்ளே பாதி இடம் அடைபட்டிருந்தது. காற்றே ஊடுருவாத ரேடியேட்டர் எப்படி இன்ஜினைக் குளிர வைக்கும்? சூடான சிலிண்டரில் கடைசி மூலைக் கலவை சீக்கிரம் பற்றுகிறது, ஆக்டேன் கூடினால் கொஞ்சம் தாங்குகிறது. கழுவி மாட்டி, கூலண்ட் மாற்றி, பிளக்கைச் சரியான எண்ணில் போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து சாதாவில் ஓடுகிறது. இதே போல் பிஸ்டன் தலையில் கரி படிந்தாலும், எங்காவது ஹோஸ் வெடித்து வெளிக்காற்று நுழைந்து கலவை மெலிந்தாலும் தட்டும். பெட்ரோலைக் கூட்டி அந்தச் சத்தத்தை மூடலாம், பழுது உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

மலைக்காரர்கள் பலர் இன்னொரு கவலையோடு வருவார்கள். மேலே காற்று குறைவு, இழுவை குறைகிறது, அதற்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டாமா என்பார்கள். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத இன்ஜினில் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் காற்று குறைந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது, சூடும் குறைகிறது, கலவை இன்னும் நன்றாகப் பொறுக்கிறது. அமெரிக்காவில் ராக்கி மலைப் பகுதியில் சமவெளியைவிடக் குறைந்த, அவர்கள் கணக்கில் 85 ஆக்டேன் பெட்ரோலையே விற்கிறார்கள். ஆகவே மலை மேல் செம்மேட்டில் ஓடுகிற வண்டிக்கு நாமக்கல்லில் ஓடுகிற வண்டியைவிட ஆக்டேன் தேவை குறைவு. கொல்லிமலைச் சாலையில் இன்ஜினுக்குக் கொடுமையான இடம் அடியில் இருக்கிற முதல் வளைவுகள். அங்கே காற்று கனமாக இருக்கிறது, வெயில் சுடுகிறது, முழு லோடும் இருக்கிறது, மட்ட ரோட்டில் ஓடி வந்த இன்ஜினும் சூடாக இருக்கிறது. காரவள்ளியில் சில நிமிஷம் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு, முதல் வளைவிலிருந்தே கீழ் கியரில் ஏறுகிறவருக்குத் தட்டல் புகார் வந்து நான் பார்த்ததில்லை. இறங்கும்போதும் கியரில் இறங்குவதே பெட்ரோல் மிச்சம். கியரில் இறங்கினால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில் விட்டால் ஐடிலுக்குக் குடித்துக்கொண்டே வரும். பிரேக் காய்ந்துபோகும் ஆபத்து தனி.

இப்போது கேள்வியே வேறு மாதிரி ஆகிவிட்டது. பெங்களூரில் 2023 பிப்ரவரியில் தொடங்கி வைத்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல், 2025ல் சாதா பம்புக்கே வந்துவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108.5, கலப்பதற்கு முந்தின பெட்ரோல் 84.4 என்று பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து இன்றைய சாதா பெட்ரோல் 95 ஆக்டேன். ஒரு காலத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய எண் இப்போது சாதாவிலேயே வருகிறது. தட்டலுக்குப் பயந்து உயர்தரம் போடுவதற்கு இருந்த கொஞ்சநஞ்சக் காரணமும் போயிற்று.

ஆனால் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சூடு பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்துப் பிறகு 10 சதவீதத்துக்குச் சரிசெய்த நாலு சக்கர வண்டியில் 6லிருந்து 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. வாடகை வண்டிக்காரர் அதைத் தன் பையில் உணர்கிறார். எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும். மழைக் காலத்தில் கால் டேங்கோடு நாள்கணக்கில் நிற்கிற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வருகிறது. டேங்கை நிரப்பி வைக்கச் சொல்கிறேன். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ரப்பரும் சீலும் இதற்கு ஏற்றவை. அதற்கு முந்தின வண்டி, முக்கியமாகக் கார்புரேட்டர் ஆம்னி வைத்திருக்கிறவர்கள், பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று ஊதியிருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ உடனே மாற்றிவிட வேண்டும். ஹோஸ் விலை சொற்பம், கசிந்து சூடான சைலன்சரில் விழுந்தால் வண்டியே போகும்.

ரேடியேட்டர் கழுவிய பண்ணைக்காரர் சமீபத்தில் வந்திருந்தார். எத்தனாலுக்கு மக்காச்சோளம் போக ஆரம்பித்த பிறகு தீவன விலை ஏறிய கதையை அவர் சொல்லித்தான் நான் விவரமாகக் கேட்டேன். நாமக்கல் முட்டைப் பண்ணைகளின் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அவருடைய கோழியும் அவருடைய வண்டியும் ஒரே தானியத்துக்குப் போட்டி போடுகின்றன. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கிறவருக்கு விலை கிடைக்கிறது என்பதை அவரும் ஒத்துக்கொண்டார், அவர் உறவிலேயே விவசாயிகள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்டார்: "பம்புல இது எத்தன ஆக்டேன், எத்தன சதவீதம் எத்தனால்னு பெருசா எழுதி வெக்கறதுக்கு என்ன தம்பி கேடு?"

எனக்கும் அதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஒவ்வொரு பம்பிலும் மஞ்சள் சீட்டில் கறுப்பு எழுத்தில் ஆக்டேன் எண் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே உயர்தரக் குழாயில் எண் பளிச்சென்று இருக்கிறது, சாதாக் குழாயில் விலை மட்டும்தான் கண்ணில் படுகிறது. காசு கொடுக்கிறவருக்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. சாதாவில் 95 என்று எழுதியிருந்தால், பக்கத்துக் குழாயின் 95க்குக் கூடுதல் காசு எதற்கு என்று எந்த டிரைவரும் கேட்டுவிடுவார். அதனால் எங்கள் பட்டறைச் சுவரில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: எந்த வண்டிக் கையேட்டில் எந்த எண், இன்றைக்குச் சாதாவில் எந்த எண், எந்த மாடல் வரைக்கும் ஹோஸ் மாற்ற வேண்டும் என்று. சனிக்கிழமை சந்தைக்கு வருகிற டிரைவர்கள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.